சைக்கிளின் டைட்டானியம் ஃபிரேமில் அலுமினிய சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்) சிக்கிக்கொண்டது, வெட்டாமல் கழற்ற வழி உண்டா?

ஆயர் ஈத்தாம்:
வணக்கம் அண்ணன்மாரே. போன மாதம் பினாங்கு தஞ்சோங் புங்காவில் ஒரு வீட்டில் பழைய லைட்ஸ்பீட் சைக்கிள் ஒன்றை 1,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். டைட்டானியம் ஃபிரேம், பின்சக்கர இடைவெளி 130 மில்லிமீட்டர், ஒன்பது கியர் காலத்துச் சாமான்கள். கடலைப் பார்த்த வராந்தாவில் ஆறேழு வருடம் சும்மா சாய்த்து வைத்திருந்தார்களாம். செயின் துருவேறி ஒரே கட்டையாக இருந்தது, ஸ்போக் நிப்பிள் எல்லாம் வெள்ளை மாவு பூத்திருந்தது, ஆனால் ஃபிரேமை மட்டும் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தேன், நேற்றுதான் செய்தது மாதிரி மின்னியது. அப்போதே முடிவு பண்ணிவிட்டேன், இதை எப்படியும் ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று.

சிக்கல் சீட் போஸ்ட்டில். 27.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியம். முன்பு ஓட்டியவர் என்னைவிட உயரம் குறைந்தவர், எனக்கு சீட் இன்னும் மூன்றரை சென்டிமீட்டர் ஏற வேண்டும். புதுச் செயின் போட்டு அப்படியே ஒரு நாள் அணைக்கட்டு ரோட்டில் ஏறினேன், இரண்டு நாள் முழங்கால் வலி. போஸ்ட்டை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பைக் கழற்றி, மூன்று நாள் டபிள்யூடி-40 அடித்து, மரச்சுத்தியலால் தட்டியும் பார்த்தாயிற்று. மயிரிழைகூட அசையவில்லை. ஒரு கடையில் காட்டினேன். மேலே வெட்டிவிட்டு உள்ளே இருப்பதைத் துளைத்து எடுக்கலாம், ஆனால் ஃபிரேமுக்கு ஏதாவது ஆனால் பொறுப்பில்லை என்றார்கள். தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வேறு வழி இருக்கிறதா?

செந்தூல்:
தம்பி, ஹீட் கன் வைத்து, போஸ்ட் செருகியிருக்கும் ஃபிரேம் குழாயான சீட் டியூபை நன்றாகச் சூடாக்கிவிட்டு முறுக்கிப் பாருங்கள். என் பழைய ஸ்டீல் சைக்கிளில் அப்படித்தான் வந்தது.

பிறை ஃபிட்டர்:
தயவுசெய்து சூடாக்காதே தம்பி. செந்தூல்காரர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் இங்கே கணக்கு தலைகீழ். ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் விரிவது டைட்டானியத்தைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். உள்ளே இருப்பது அலுமினியம், வெளியே இருப்பது டைட்டானியம். சூடாக்கினால் உள்ளே இருப்பது இன்னும் இறுகும். உனக்கு வேண்டியது குளிர்.

முதலில் எது பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொள். வியர்வை, மழைத்தண்ணீர், கடல் காற்றின் உப்பு எல்லாம் கிளாம்புக்குக் கீழே உள்ள பிளவு வழியாக இறங்கும். இரண்டு உலோகம், நடுவே உப்புத்தண்ணீர், பேட்டரி மாதிரி வேலை செய்யும். அதில் அரிபடுவது எப்போதும் அலுமினியம்தான், டைட்டானியத்துக்கு ஒன்றும் ஆகாது. அரித்து வரும் அந்த வெள்ளை மாவு அலுமினியத்தைவிட அதிக இடம் பிடிக்கும், இடுக்கில் ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும். மேலேயிருந்து எண்ணெய் அடித்தால் முதல் ஒரு சென்டிமீட்டரோடு நின்றுவிடும்.

அதனால் கிராங்க் (பெடல் மாட்டும் கை), பாட்டம் பிராக்கெட் (அதன் அச்சு சுழலும் பகுதி), சக்கரங்கள், ஃபோர்க் எல்லாவற்றையும் கழற்றி ஃபிரேமைத் தலைகீழாக்கு. சீட்டை எடுத்துவிட்டு போஸ்ட்டின் தலையை பெஞ்ச் வைஸில் பிடி, போஸ்ட் நசுங்கினால் நசுங்கட்டும். இப்போது பாட்டம் பிராக்கெட் ஓட்டை வழியாக ஊடுருவும் எண்ணெயை ஊற்றினால் போஸ்ட்டின் அடிமுனையில் போய்த் தேங்கும். ஒரு வாரம் விடு, தினமும் கொஞ்சம் ஊற்று. அப்புறம் ஃபிரேமையே நெம்புகோலாக வைத்து, ஒருவர் தலைக்குழாயையும் இன்னொருவர் பின் முனையையும் பிடித்து, வெடுக்கென்று இழுக்காமல் சீராக முறுக்க வேண்டும்.

ஆயர் ஈத்தாம்:
நன்றி அண்ணே. பாட்டம் பிராக்கெட்டே வர மாட்டேன் என்கிறது. வலது பக்கம் முழு பலத்தோடு இடதுபுறமாகத் திருப்புகிறேன்.

ஜெலுத்தோங்:
நிறுத்துங்க அண்ணா! பாட்டம் பிராக்கெட்டின் கப்பில் (ஃபிரேமில் திருகி மாட்டும் வளையத்தில்) 1.37 x 24 என்று எழுதியிருந்தால் அது பிரிட்டிஷ் மரை. செயின் பக்கக் கப் எதிர்மரை, கடிகார முள் போகும் திசையில் திருப்பினால்தான் கழலும். நீங்கள் இவ்வளவு நேரம் இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். 36 x 24 என்று இருந்தால் இத்தாலி மரை, அதற்கு இரண்டு பக்கமும் சாதாரணத் திசைதான்.

ஆயர் ஈத்தாம்:
1.37 தான். திசையை மாற்றினேன், ஒரு மீட்டர் இரும்புக் குழாயை ஸ்பானரில் செருகியதும் டக்கென்று விட்டது. ரொம்ப நன்றி தங்கச்சி.

ஒரு வாரம் எண்ணெயில் ஊறியது. நானும் தம்பியும் முறுக்கினோம், அசையவில்லை. காஸ்டிக் சோடா ஊற்றிக் கரைக்கலாம் என்று எங்கோ படித்தேன், செய்யலாமா?

பிறை ஃபிட்டர்:
அது கடைசி வழி. காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும், ஆறிய நீர்த்த கரைசல் டைட்டானியத்தைத் தொடாது, அது உண்மைதான். ஆனால் கரையும்போது கொதிக்கிற மாதிரி சூடேறும், வெளிவருவது ஹைட்ரஜன், பக்கத்தில் ஒரு சிகரெட் நெருப்புகூட இருக்கக் கூடாது. கண்ணில் ஒரு சொட்டு பட்டால் பார்வை போகும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம்.

அதற்கு முன் உலர் பனிக்கட்டி (உறைந்த கார்பன் டை ஆக்ஸைடு) வாங்கு. மைனஸ் 78 டிகிரி. போஸ்ட்டின் தலையில் ஓட்டை இருந்தால் துணியால் அடைத்துவிட்டு, நொறுக்கிய பனியை பாட்டம் பிராக்கெட் வழியாக போஸ்ட்டுக்குள்ளேயே கொட்டு. ஃபிரேமும் சேர்ந்து குளிர்ந்தால்கூட 27 மில்லிமீட்டர் விட்டத்தில் 0.04 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். கேட்கச் சின்னதாக இருக்கும், மாவின் பிடி உடைய அது போதும். தடித்த கையுறை போடு, கதவு ஜன்னலைத் திறந்து வை, மேலே இருக்கும் பாட்டம் பிராக்கெட் வாயை எதைக்கொண்டும் மூடாதே.

ஆயர் ஈத்தாம்:
வந்துவிட்டது!!

இரண்டு கிலோ பனி வாங்கினேன். கொட்டிக் கால் மணி நேரத்தில் சீட் டியூப் வெளியே வெள்ளையாக உறைபனி படர்ந்தது. முறுக்கினோம், ஒன்றுமில்லை. பனியை இன்னொரு தடவை நிரப்பிப் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி முறுக்கியபோது காய்ந்த மூங்கில் பிளக்கிற மாதிரி ஒரு சத்தம். ஃபிரேம் உடைந்ததோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. பார்த்தால் போஸ்ட் ஒரு விரல் அகலம் திரும்பியிருக்கிறது. அப்புறம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று ஆட்டி ஆட்டி இழுக்க அரை மணி நேரம். வெளியே வந்த போஸ்ட்டின் கீழ்ப்பாதி அம்மை போட்ட முகம் மாதிரி குழிகுழியாக இருக்கிறது, விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுகிறது. சீட் டியூபுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு கீறல்கூட இல்லை.

செந்தூல்:
அருமை தம்பி. நானும் இன்றைக்கு ஒன்று கற்றுக்கொண்டேன்.

பிறை ஃபிட்டர்:
சந்தோஷம்டா தம்பி. புதுசு மாட்டுவதற்கு முன் வெல்டிங்குகளைச் சுற்றிப் பார். கிளாம்ப் பிளவின் அடிமுனை, பின்சக்கரத்துக்குப் போகும் செயின்ஸ்டே குழாய் பாட்டம் பிராக்கெட்டோடு சேரும் இடம், இரண்டையும் ஆல்கஹாலில் துடைத்து நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முடி மாதிரி கோடு தெரிந்தால் அக்கம்பக்கத்துப் பட்டறையில் கொடுத்து ஒட்டவைக்காதே. டைட்டானியம் சூடாக இருக்கும்போது காற்றுப் பட்டால் ஆக்ஸிஜனை உறிஞ்சி நொறுங்குகிற பதத்துக்குப் போய்விடும். வெல்டிங் செய்யும்போது குழாயின் உள்பக்கமும் ஆர்கான் வாயு ஓட வேண்டும். வெல்டிங் வெள்ளி நிறமாக இருந்தால் நல்லது, இளமஞ்சள் பரவாயில்லை, நீலமோ சாம்பலோ என்றால் நம்பாதே.

உள்பக்கத்து மாவை ஸ்காட்ச் பிரைட்டால் தேய்த்து எடு. இரும்பு நார் போடாதே, அதன் துகள் ஒட்டிக்கொண்டு பிறகு துருக்கறை விடும். புது போஸ்ட் எதுவானாலும், கார்பனைத் தவிர, உலோகம் ஒட்டிப் பிடிக்காமல் காக்கும் செம்பு நிற ஆன்டி-சீஸ் பசையைத் தாராளமாகப் பூசு. சாதாரண கிரீஸ் நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் நாளாக நாளாகப் போய்விடும். டைட்டானியம் போஸ்ட் என்றாலும் பசை வேண்டும், டைட்டானியத்தோடு டைட்டானியம் உரசினால் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். பாட்டம் பிராக்கெட் மரைக்கும் அதே பசைதான்.

ஆயர் ஈத்தாம்:
வெல்டிங் எல்லாம் வெள்ளி நிறம்தான் அண்ணே, கோடு எதுவும் இல்லை. அலுமினிய போஸ்ட் ஒன்று 90 வெள்ளிக்கு வாங்கிவிட்டேன், பசை நாளை வந்துவிடும். மூன்றரை சென்டிமீட்டர் ஏற்றி டேப்பால் அடையாளமும் போட்டு வைத்திருக்கிறேன்.

பிறை ஃபிட்டர்:
போஸ்ட் குறைந்தபட்சம் எதுவரை உள்ளே இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருக்கும் கோடு ஃபிரேமுக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்துத் துடைத்துப் பசை பூசு. ஞாயிற்றுக்கிழமை காலை பாலிக் பூலாவ் பக்கம் வருகிறாயா? நான் முதல் ஃபெரியில் வருவேன்.

ஆயர் ஈத்தாம்:
வருகிறேன் அண்ணே.