யோவான் ஸ்நானகனின் இயக்கம் இயேசுவின் இயக்கத்துக்குப் போட்டியாக இருந்ததா?

ஆற்றுமணல்:
யோவான் ஸ்நானகன் என்றதும், இயேசுவுக்கு வழியை ஆயத்தம்பண்ண வந்தவர் என்ற எண்ணமே நமக்கு முதலில் வருகிறது. ஆனால் அவரைப் பற்றி நமக்குச் சொன்னவர்களில் பெரும்பாலோர் இயேசுவின் வழியில் வந்தவர்களே. யோவானுக்கெனத் தனி இயக்கம் ஒன்று இருந்தது, அவர் கொல்லப்பட்ட பிறகும் அது நீடித்தது, முதல் நூற்றாண்டின் இறுதிவரை கிறிஸ்தவச் சபைகளோடு போட்டியிட்டது என்ற மாற்றுக் கருத்தை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. நான்காம் நற்செய்தியின், அதாவது யோவான் நற்செய்தியின் (அந்த யோவான் ஸ்நானகன் அல்ல), முன்னுரையே அந்த இயக்கத்தை மறுப்பதற்காக எழுதப்பட்டது என்று 1898இல் பால்டன்ஸ்பெர்கர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் வாதிட்டார்.

நற்செய்திகளை எழுதப்பட்ட வரிசையில் படித்தாலே இது புலப்படும். இயேசு நாசரேத்திலிருந்து வந்து யோவானால் ஞானஸ்நானம் பெற்றார் என்று மாற்கு தயக்கமின்றிச் சொல்கிறார். மத்தேயுவிலோ, “நான் உம்மாலே ஞானஸ்நானம் பெறவேண்டியதாயிருக்க, நீர் என்னிடத்தில் வரலாமா” என்று யோவான் தடுக்கிறார். லூக்காவில் யோவானைச் சிறையில் அடைத்த செய்தி முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. அடுத்த வசனத்தில் இயேசு ஞானஸ்நானம் பெறுகிறார், கொடுத்தவர் யார் என்ற பேச்சே இல்லை. நான்காம் நற்செய்தியில் அந்த நிகழ்ச்சியே விவரிக்கப்படவில்லை. இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. யோவானின் ஞானஸ்நானம் பாவமன்னிப்புக்கானது என்று மாற்கு எழுதுகிறார். மத்தேயு அந்தச் சொற்களை அங்கே விட்டுவிட்டு, மாற்கு சொல்லாத ஓர் இடத்தில், அதாவது கடைசி இராப்போஜனத்தின் பாத்திரத்தைப் பற்றிய வசனத்தில், அவற்றைச் சேர்க்கிறார். எதிரே ஆள் இல்லையென்றால் இத்தனை வேலி எதற்கு?

வேதபாடம்:
நண்பர் ஆற்றுமணல் அடுக்கிய வேறுபாடுகளை நான் மறுக்கவில்லை. ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளே கேட்டுவிடுகிற கேள்விகள்தாம் அவை. ஆனால் சங்கடம் இருந்தது என்பதிலிருந்து எதிரி இருந்தான் என்ற முடிவுக்கு நீங்கள் தாவுகிறீர்கள். பாவமில்லாதவர் என்று நம்பப்பட்டவர் மனந்திரும்புதலுக்கான ஞானஸ்நானத்தை ஏன் பெற்றார் என்ற கேள்வி, வெளியிலிருந்து ஒருவரும் கேட்காவிட்டாலும், சபைக்குள்ளேயே எழுந்திருக்கும். எபிரேயரிடையே வழங்கிய, வேதாகமத்தில் சேராத ஒரு நற்செய்தியிலிருந்து பழைய சபை அறிஞர் எரோனிமுஸ் எடுத்துக்காட்டும் பகுதியில், போய் யோவானிடம் ஞானஸ்நானம் பெறுவோம் என்று தாயும் சகோதரரும் அழைக்கும்போது, அவனிடம் போய்ப் பெறுவதற்கு நான் என்ன பாவம் செய்தேன் என்று இயேசுவே கேட்கிறார். அது வீட்டுக்குள் நடக்கும் பேச்சு. அங்கே யோவானின் சீடர் எவரும் நின்று வாதாடவில்லை.

ஆற்றுமணல்:
ஐயா, வீட்டுப் பேச்சு என்றால் “அவன் அந்த ஒளியல்ல” என்ற வசனம் எதற்கு? ஒளியைப் பற்றிய உயர்ந்த கவிதையின் நடுவில், யாரும் கேட்காமலே, யோவான் ஒளியல்ல என்று ஒருவர் எழுதுகிறாரென்றால், யோவான்தான் ஒளி என்று எங்கோ ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டிருந்தது என்றுதானே பொருள்? சில வசனங்கள் தாண்டி, “மறுதலியாமல் அறிக்கையிட்டதுமன்றி, நான் கிறிஸ்து அல்ல என்றும் அறிக்கையிட்டான்” என்று மறுபடியும் அழுத்திச் சொல்லப்படுகிறது.

அந்தக் கூட்டத்தை அப்போஸ்தலர் நடபடிகளும் காட்டுகிறது. 19ஆம் அதிகாரத்தில், யோவானின் ஞானஸ்நானத்தை மட்டும் பெற்ற ஏறக்குறைய பன்னிரண்டு பேரைப் பவுல் எபேசுவில் சந்திக்கிறார். பரிசுத்த ஆவி உண்டென்பதையே தாங்கள் கேள்விப்படவில்லை என்கிறார்கள். யோவான் இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தும், யோர்தானிலிருந்து வெகுதொலைவில் உள்ள பட்டணத்தில், அவர் பெயரால் ஒரு குழு இருந்திருக்கிறது. நான்காம் நற்செய்தி எழுதப்பட்ட ஊராகச் சபை மரபு சொல்வதும் எபேசுவைத்தான்.

கொற்கைக்காரன்:
மந்தேயர்களை ஏன் யாரும் குறிப்பிடவில்லை? தெற்கு ஈராக்கிலும் ஈரானின் குசெஸ்தானிலும் வாழ்ந்துவரும் அவர்கள் யோவானைப் பெருமைப்படுத்துகிறார்கள், இயேசுவைப் பொய் மேசியா என்கிறார்கள், ஓடும் நீரில் முழுக்குப் பெறுகிறார்கள். யோவானின் இயக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

தென்கரை:
வேண்டும். மந்தேயர்களின் நூல்கள் இன்றுள்ள வடிவில் ஏழாம் நூற்றாண்டுக்குப் பின்னரே தொகுக்கப்பட்டவை; அவற்றில் முகம்மது நபியைப் பற்றிய குறிப்புகளும் உள்ளன. அவர்களது முழுக்கு வாழ்நாளெல்லாம் திரும்பத் திரும்பப் பெறப்படுவது. யோவானுடையதோ, தெரிந்தவரை, ஒருமுறை பெறுவது. ஜெர்மானிய வேதாகம ஆய்வாளர் புல்ட்மன் 1920களில் மந்தேய நூல்களைக் கொண்டு நான்காம் நற்செய்தியை விளக்க முயன்றபோது பெரும் பரபரப்பு எழுந்தது. ஆனால் அத்தனை நூற்றாண்டு இடைவெளிக்குப் பாலம் போட எவராலும் முடியவில்லை. அந்த மக்களின் வழிபாடு தன்னளவிலேயே ஆராயத்தக்கது. அதை முதல் நூற்றாண்டு வழக்குக்குச் சாட்சியாக இழுத்துவருவது அவர்களுக்கும் நியாயமன்று.

ஆற்றுமணல் சொல்லும் எபேசுவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தைப் பவுல் எபேசுவிலிருந்தே எழுதினார் என்பது அதன் 16ஆம் அதிகாரத்திலேயே தெரிகிறது. கட்சிப் பிரிவினைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக அங்கலாய்க்கும் அந்த நிருபத்தில் யோவான் ஸ்நானகனின் பெயர்கூட இல்லை. பவுலின் வேறெந்த நிருபத்திலும் இல்லை. யோவானின் ஞானஸ்நானத்தை மாத்திரம் அறிந்திருந்தவராக நடபடிகள் காட்டும் அலெக்சந்திரியா அப்பொல்லோ, இந்த நிருபத்தில் தாம் நட்ட பயிருக்கு நீர் பாய்ச்சிய உடன்ஊழியர் என்று பவுலால் குறிப்பிடப்படுகிறார். இருவேறு இயக்கங்கள் மோதிக்கொண்டன என்பதைவிட, எல்லைக்கோடு இன்னும் விழாத ஒரே நிலப்பரப்பில் பலரும் நடமாடினார்கள் என்பதே இதற்குப் பொருந்துகிறது.

ஆற்றுமணல்:
மந்தேயர்களை நான் அழைக்கவில்லை, தென்கரை. அந்த மறுப்பு எனக்குரியதன்று. பழைய ரோமாபுரிச் சபைத் தலைவர் கிளமெந்தின் பெயரில் வழங்கும் பழைய கதைநூலின் முதல் பகுதியைப் பாருங்கள். யோவானின் சீடருள் ஒருவர் எழுந்து, பெண்களிடத்தில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவர் இல்லை என்று இயேசுவே சொல்லியிருக்க, அப்படியானால் யோவானே கிறிஸ்து அல்லவா என்று வாதாடுகிறார். இதைவிட வெளிப்படையான போட்டி எங்கே கிடைக்கும்?

தென்கரை:
அந்த நூல் இன்றுள்ள வடிவில் நான்காம் நூற்றாண்டுடையது. பழைய மூலம் ஒன்று அதற்குள் பொதிந்திருக்கலாம். அப்படியே கொண்டாலும் அது யோவானுக்கு நூறாண்டுகளுக்கு மேல் பிந்தியது. மேலும் அந்தக் காட்சியில் சதுசேயர், சமாரியர், வேதபாரகர், பரிசேயர் என்று ஒவ்வொரு கூட்டத்தாரும் முறைவைத்து எழுந்து கேள்வி கேட்க, ஒவ்வோர் அப்போஸ்தலரும் முறைவைத்துப் பதில் சொல்லி வெல்கிறார்கள். தெருக்கூத்துக்குக் கட்டியங்காரன் ஆளை அழைப்பதுபோல் வரும் அந்த ஒழுங்கே அது எழுதுமேசையில் பிறந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

யோவானின் செல்வாக்குக்குக் கிறிஸ்தவர்களைச் சாராத சாட்சி முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபுதான் (ஜோசிஃபஸ்). ஏறத்தாழ 93இல் முடிந்த தமது வரலாற்றின் 18ஆம் நூலில், யோவான் மகேருஸ் கோட்டையில் கொல்லப்பட்டதையும், ஏரோது அந்திப்பாவின் படை நபத்தேய அரசன் அரேத்தாவிடம் தோற்றது அதற்குக் கிடைத்த தண்டனை என்று யூதர் சிலர் கருதியதையும் எழுதுகிறார். யோவானைப் பற்றிய அந்தப் பகுதியில் இயேசு இல்லை. யோவான் தமக்கென்று நின்ற பெரிய மனிதர் என்பது இதனால் உறுதிப்படுகிறது. அவருக்குப் பின் ஓர் அமைப்பு நீடித்தது என்பதற்கோ அதில் ஒரு வரியும் இல்லை.

ஆற்றுமணல்:
அப்படியானால் நான்காம் நற்செய்திக்குள்ளேயே நிற்கிறேன். 3:22இல் இயேசு யூதேயாவில் ஞானஸ்நானம் கொடுத்தார் என்று இருக்கிறது. 4:2இல், இயேசு தாமே கொடுக்கவில்லை, அவருடைய சீடர்கள் கொடுத்தார்கள் என்று அதே நூல் திருத்துகிறது. இடையில் யோவானின் சீடர்கள் வந்து, எல்லாரும் அவரிடத்தில் போகிறார்கள் என்று முறையிடுகிறார்கள். ஒரே காலத்தில் இருவர் ஞானஸ்நானம் கொடுத்தார்கள், ஆள் சேர்ப்பதில் உரசல் வந்தது, பின்னால் வந்தவர்கள் அதை மூடிமறைக்கப் பார்த்தார்கள் என்பதே என் வாதம்.

வேதபாடம்:
அந்த முறையீட்டுக்கு யோவான் சொன்ன பதில், “அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்” என்பது. முறையீட்டை வரலாறு என்கிறீர்கள், பதிலைப் புனைவு என்கிறீர்கள். இரண்டும் ஒரே பத்தியில், ஒரே கையால் எழுதப்பட்டவை. எந்த அளவுகோலால் பிரித்தீர்கள்?

ஆற்றுமணல்:
எழுதியவருக்கு இடைஞ்சலானதை அவர் புனைந்திருக்க மாட்டார். அவருக்குச் சாதகமானதைப் புனைந்திருக்கலாம். 3:22 இடைஞ்சலானது, அதனால்தான் 4:2இல் திருத்தினார்கள். யோவானின் பதில் சாதகமானது.

வேதபாடம்:
நல்லது. அதே அளவுகோலை அந்த முறையீட்டின் மேலும் வையுங்கள். எல்லாரும் இயேசுவிடம் போய்விட்டார்கள் என்று எதிர்த்தரப்புச் சீடர்களே புலம்புவதைவிட நற்செய்தியாளருக்குச் சாதகமான வாக்கியம் வேறு உண்டா? அதையும் கழித்துவிட்டால், யோவானும் இயேசுவும் ஒரே காலத்தில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்பது மட்டுமே மிஞ்சும். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை; உரசலுக்குத்தான் இன்னும் சாட்சி வரவில்லை.