புதுப்பிப்பு: மிளகுப் பெட்டியின் ரீங்காரம் நின்றது

ஏற்காட்டில் மிளகு காயவைக்கும் பெட்டிக்கு 12 வோல்ட் விசிறி, ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையின் 9ஆம் பின்னில் பிடபிள்யூஎம் (மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாக விட்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை), வேகத்தைக் குறைத்தாலே கொசு மாதிரி ரீங்காரம், மோட்டார் பழுதா என்று போன வாரம் கேட்டிருந்தேன்.

பழுதில்லை. அந்தப் பின்னில் துடிப்பு நொடிக்குச் சுமார் 490 முறைதான். காதுக்கு நன்றாகவே கேட்கும். 5ஆம் பின்னில் சுமார் 980. அங்கே மாற்றினேன், அதே பாட்டு இன்னும் கீச்சுக்குரலில்!

சரி என்று 9ஆம் பின்னுக்கே திரும்பி, அந்தத் துடிப்பை ஓட்டும் டைமர் 1 என்ற உள் எண்ணியில் கை வைத்தேன். ஃபேஸ் கரெக்ட் முறை (ஏறி இறங்கி எண்ணும்), பிரீஸ்கேலர் 1 (கடிகார வேகத்தைக் குறைக்காமல்), எண்ணிக்கையின் உச்சமான ஐசிஆர்1 மதிப்பு 320. பலகையின் கடிகாரமான 16 மெகாஹெர்ட்ஸை, ஏறி இறங்க ஆகும் 640ஆல் வகுத்தால் 25 கிலோஹெர்ட்ஸ். நமக்குக் கேட்காது. நாய்க்குக் கேட்கும், எங்கள் மணி பெட்டியையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வேகத்துக்கு இனி 0 முதல் 255 இல்லை, 9ஆம் பின்னுக்கான ஓசிஆர்1ஏ என்ற பதிவேட்டில் 0 முதல் 320. டைமர் 0-ஐ மட்டும் தொடாதீர்கள், டிலே, மில்லிஸ் என்ற நேரக் கணக்கெல்லாம் கெட்டுவிடும்.

அப்புறம், சேலத்தில் வாங்கிய ஐஆர்எஃப்540 மாஸ்ஃபெட் (விசிறிக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) கை சுடும் அளவுக்குக் காய்ந்தது. அதன் ‘கேட்’ என்ற கட்டுப்பாட்டுக் காலுக்கு 5 வோல்ட் கொடுத்தால் அது முழுதாகத் திறப்பதில்லை. 5 வோல்ட்டிலேயே நன்றாகத் திறக்கும் ஐஆர்எல்இசட்44என் போட்டபின் வெதுவெதுப்புதான்.