டிஸ்க் 'டிக் டிக்' என்கிறது, செக்டிஸ்க் ஓட்டலாமா?

தேனி_ஸ்டுடியோ:
கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கிறேன். லேப்டாப்பில் உள்ள 1 டிபி ஹார்ட் டிஸ்க், சுழல்கிற பழைய வகை. நேற்று முதல் சில ஃபோல்டரைத் திறந்தால் 'டிக் டிக்' சத்தம், மவுஸ் அப்படியே நின்றுவிடுகிறது. மற்ற ஃபோல்டர்கள் ஒழுங்காகத் திறக்கின்றன. போன முகூர்த்தத்துக் கல்யாணங்கள் எல்லாம் அதில்தான். மெமரி கார்டுகளில் அடுத்த வேலை ஏறிவிட்டது. கடையில் செக்டிஸ்க் ஓட்டச் சொல்கிறார்கள், நண்பர் ஃப்ரீசரில் வைக்கச் சொல்கிறார். பெண் வீட்டார் ஆல்பம் கேட்டு போன் மேல் போன்.

பழைய_சர்வீஸ்:
இரண்டும் வேண்டாம் தம்பி. முதலில் லேப்டாப்பை அணையுங்கள். செக்டிஸ்க் என்பது எந்த ஃபைல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்கிற அட்டவணையைத் திருத்துகிற விண்டோஸ் கருவி. சாகப்போகிற டிஸ்க்கில் ஓட்டினால் படிக்க முடியாததைக் கழித்துக்கட்டிவிட்டு 'சரிசெய்தேன்' என்று சொல்லும். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் உள்ளே ஈரம் படியும். சுழல்கிற தட்டுக்கும் அதைப் படிக்கிற ஹெட்டுக்கும் நடுவே இருப்பது நானோமீட்டர் கணக்கில் இடைவெளி.

செய்ய வேண்டியது நகல். 1 டிபியை விடப் பெரிய வெளி டிரைவ் வாங்குங்கள். எஃப்ஏடி32 ஃபார்மட் கூடாது, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது, நகலோ ஒரே பெரிய ஃபைலாக வரும். பென் டிரைவில் உபுண்டு (விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம், இலவசம்) போட்டு அதிலிருந்து பூட் செய்து, கெட்ட டிஸ்க்கை நகலெடுக்கிற டிடிரெஸ்க்யூ என்கிற கருவியை ஓட்டுங்கள். உபுண்டுவில் அதை ஜிடிடிரெஸ்க்யூ என்று தேடினால்தான் கிடைக்கும். எது மூல டிஸ்க், எது வெளி டிரைவ் என்று இருமுறை பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் கதை முடிந்தது. டிடிரெஸ்க்யூ சுலபமாகப் படிக்கிற இடங்களை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் வரும். சாதாரண காப்பி கெட்ட இடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும்.

சத்தம் நிற்காமல் வந்தால் இதையும் விட்டுவிட்டு, கிளீன் ரூம் (டிஸ்க்கைத் திறக்கத் தூசியில்லாத அறை) வைத்திருக்கிற டேட்டா ரெக்கவரி ஆட்களிடம் போங்கள். செலவு அதிகம்தான்.

தேனி_ஸ்டுடியோ:
சத்தம் எப்போதாவதுதான் அண்ணே. மேப்ஃபைல் என்று கேட்கிறதே, எங்கே வைக்க?

பழைய_சர்வீஸ்:
வெளி டிரைவில். எதுவரை படித்தாயிற்று என்று டிடிரெஸ்க்யூ குறித்துவைக்கிற ஃபைல் அது. பென் டிரைவ் உபுண்டுவின் டெஸ்க்டாப்பில் வைத்தால் ரீஸ்டார்ட்டில் போய்விடும். மேப்ஃபைல் இருந்தால்தான் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நகல் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். மீட்பு வேலையெல்லாம் நகலில்தான். அட்டவணையே போயிருந்தால் போட்டோரெக் என்கிற மீட்புக் கருவி படங்களை எடுத்துத் தரும், ஆனால் பழைய ஃபைல் பெயரோ ஃபோல்டரோ இருக்காது.

கோவை_செல்வி:
முடிந்ததும் பேக்கப்பைப் பற்றியும் யோசியுங்கள். பேக்கப்புக்கான 3-2-1 கணக்கைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்கிற அமெரிக்க போட்டோகிராபர், உங்கள் தொழில்காரர்தான். மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், ஒன்று வேறு இடத்தில். கிளவுட் சிங்க் இருக்கிறதே என்பார்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழிகிற சிங்க் எப்படி பேக்கப் ஆகும்? ஆல்பம் கைக்குப் போகிறவரை கார்டை அழிக்க வேண்டாம். முன்பணத்திலேயே கார்டு, டிரைவ் செலவையும் சேர்த்துக் கேளுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

தேனி_ஸ்டுடியோ:
நகல் முடிந்தது. போட்டோ எல்லாம் வந்துவிட்டது. ஒரு ரிசப்ஷன் வீடியோ மட்டும் பாதியில் உடைகிறது. அந்த மேடையைத் தம்பி இன்னொரு கேமராவில் எடுத்திருந்தான், அதை வைத்து ஒட்டிக்கொள்கிறேன். புது டிரைவ் இரண்டு வாங்கியாச்சு, ஒன்று மாமியார் வீட்டில் இருக்கும்.

பழைய_சர்வீஸ்:
மாமியார் வீட்டு டிரைவிலிருந்து மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கல்யாணத்தைத் திறந்து பாருங்கள்.