ரியாக்ட் செயலிகளுக்கு ஒரு தொடக்க டெம்ப்ளேட்: எதை வைப்பது, எதை விடுவது?

தறிநூல் (கேள்வி)

வணக்கம். நாங்கள் நான்கு பேர் கொண்ட சிறு குழு. கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் இணையச் செயலிகள் செய்து தருகிறோம். புது வேலை வந்தால் பழைய செயலியின் கோப்புறையை நகலெடுத்து, வேண்டாததை அழித்துவிட்டுத் தொடங்குவதுதான் வழக்கம். அந்தப் பழைய செயலி, தொடக்கக் கோப்புகளை அமைத்துத் தரும் கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற கருவியை வைத்து அமைத்தது. புதிய செயலிகளுக்கு அது வேண்டாம் என்று 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே அறிவித்துவிட்டதால், அதே வேலையைச் செய்யும் வீட் கருவிக்கு மாறி, சொந்தமாக ஒரு டெம்ப்ளேட் அமைக்க நினைக்கிறோம். ரிடக்ஸ் (செயலியின் தரவை ஒரே இடத்தில் கையாள), டெயில்விண்ட் (தோற்றத்தை வடிவமைக்க), ரவுட்டர் (பக்கங்களுக்கிடையே நகர), உள்நுழைவுப் பக்கம் எல்லாம் அதிலேயே இருக்கட்டும் என்கிறார் குழுவில் ஒருவர். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கல்தச்சன்

உங்கள் தயக்கம் நியாயமானது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பிறகு சேர்த்தால் வலிக்குமா? வலிக்கும் என்றால் இப்போதே வையுங்கள், இல்லையென்றால் விடுங்கள். ரிடக்ஸைத் தேவைப்படும் நாளில் சேர்த்துக்கொள்ளலாம். முதல் நாளே வைத்துவிட்டால், ஒரே ஒரு படிவம் உள்ள பள்ளித் தளமும் அதைச் சுமந்து திரியும். எங்கே எது உடையுமோ என்று அதை நீக்க யாரும் துணிய மாட்டார்கள்.

வலிப்பவற்றில் முதலாவது நோட் பதிப்பு (ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே இயக்குவது நோட்; வீட் அதன்மேல்தான் ஓடுகிறது). வீட் 7-க்கு நோட் 20.19 அல்லது 22.12-க்கு மேல் வேண்டும். ஒருவர் கணினியில் நோட் 18 கிடந்தால், மேலே வரும் எச்சரிக்கை வரியைக் கவனிக்காமல், கீழே ‘கிரிப்டோ.ஹாஷ்’ ஒரு ஃபங்ஷன் இல்லை என்று வரும் பிழையைத் துரத்தி அரைநாளைத் தொலைப்பார். செயலிக்குத் தேவையானவற்றைப் பட்டியலிடும் பேக்கேஜ்.ஜேசான் கோப்பில் ‘என்ஜின்ஸ்’ என்ற இடத்தில் பதிப்பைக் குறியுங்கள். அதோடு நின்றால், நூலகங்களை நிறுவும் என்பிஎம் கருவி எச்சரித்துவிட்டு மேலே போய்விடும். அதன் அமைப்புக் கோப்பான என்பிஎம்ஆர்சியில் ‘என்ஜின்-ஸ்ட்ரிக்ட்’ அமைப்பையும் இயக்கினால்தான் நிறுவலையே நிறுத்தும்.

அடுத்தது, நிரலை ஒரே சீரான வடிவில் அடுக்கித் தரும் பிரெட்டியர். ஆறு மாதம் கழித்துச் சேர்த்துப் பாருங்கள்: ஒரே கமிட்டில் (கிட் கருவியில் மாற்றங்களைச் சேமிக்கும் ஒரு பதிவு) அத்தனை கோப்புகளும் மாறும், எந்த வரியை யார் எதற்காக எழுதினார் என்ற கிட் வரலாறு அந்தக் கமிட்டுக்குப் பின்னால் மறைந்துபோகும்.

மூன்றாவதாக, கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் உபுண்டு லினக்ஸில் ஓடும் ஒரு பில்ட்: நிரலை கிட்ஹப்புக்கு அனுப்பும் (புஷ்) ஒவ்வொரு முறையும், வெளியிடத் தயாரான கோப்புகளாக அதைத் தானாகக் கட்டிப் பார்ப்பது. இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கோப்பின் பெயர் சிறிய ஆங்கில எழுத்தில் தொடங்கும், அதை அழைக்கும் இம்போர்ட் வரியில் பெரிய எழுத்து இருக்கும். விண்டோஸில் பிரச்சினை இல்லாமல் ஓடும். லினக்ஸ் சர்வரில் கோப்பே இல்லை என்று நிற்கும். பெயரைத் திருத்தினாலும், எழுத்தின் அளவு மட்டும் மாறியதை விண்டோஸில் கிட் கண்டுகொள்ளாது. ‘கிட் எம்வி’ கட்டளையால்தான் மாற்ற வேண்டும். வாடிக்கையாளர் காத்திருக்கும் மாலையில் இது தெரியவருவதைவிட முதல் புஷ்ஷிலேயே தெரிவது எவ்வளவோ மேல். அந்த பில்டில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ வேண்டாம், ‘என்பிஎம் சிஐ’ போடுங்கள். ஒவ்வொரு நூலகத்தின் துல்லியமான பதிப்பையும் குறித்து வைக்கும் லாக் கோப்பில் உள்ளவற்றை அப்படியே நிறுவும், பேக்கேஜ்.ஜேசானோடு பொருந்தாவிட்டால் நின்றுவிடும்.

இன்னொன்று. டெம்ப்ளேட்டைத் தனியாக உட்கார்ந்து கற்பனை செய்து கட்டாதீர்கள். வீட் தரும் ரியாக்ட், டைப்ஸ்கிரிப்ட் அமைப்பில் அடுத்த உண்மையான வேலையை முடியுங்கள். அதில் எது நிலைத்ததோ அதை எடுத்துத் தனி ரெப்போவாக்கி (கிட் காக்கும் கோப்புறை), கிட்ஹப்பில் ‘டெம்ப்ளேட்’ என்று குறித்துவிடுங்கள். அதிலிருந்து உருவாகும் ரெப்போவில் பழைய கமிட் வரலாறு ஒட்டிக்கொண்டு வராது.

முகிலி

கல்தச்சன் ஐயா சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடு. ரவுட்டர் மட்டும் இருக்கட்டும் என்பேன். இரண்டாவது பக்கம் வராத செயலியை நான் பார்த்ததில்லை. பிறகு நுழைத்தால் ஆப் கோப்பையே பிரித்து எழுத வேண்டிவரும். உள்நுழைவுப் பக்கம் வேண்டாம். ஒரு கடைக்குக் கைபேசி எண்ணும் ஓடிபியும், ஒரு பள்ளிக்குப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும். எதை வைத்தாலும் பாதியை அழிக்கத்தான் போகிறீர்கள்.

தளம் ஒரு துணைப் பாதையில் இயங்கப்போகிறது என்றால் வீட் அமைப்புக் கோப்பில் ‘பேஸ்’ மதிப்பைக் கொடுக்க வேண்டும். அந்த வரியை டெம்ப்ளேட்டிலேயே ஒரு குறிப்போடு வைத்துவிடுங்கள். இல்லையென்றால் பக்கம் வெறுமையாக வரும், கன்சோலில் 404 வரிசையாக நிற்கும்.

தறிநூல்

இருவருக்கும் மிக்க நன்றி. சூழல் மாறிகளின் (நிரலுக்கு வெளியே ‘.என்வ்’ கோப்பில் வைக்கும் அமைப்பு மதிப்புகள்) முன்னொட்டை ‘ரியாக்ட்_ஆப்_’ என்பதிலிருந்து ‘வீட்_’ என்று மாற்றினால் போதுமா? பணம் செலுத்தும் சேவையின் ரகசியச் சாவியையும் அங்கேயே வைக்கலாம் என்கிறார் அதே நண்பர்.

கல்தச்சன்

முன்னொட்டோடு, படிக்கும் இடத்தில் ‘ப்ராசஸ்.என்வ்’ என்பதை ‘இம்போர்ட்.மெட்டா.என்வ்’ என்றும் மாற்ற வேண்டும்.

ரகசியச் சாவி வேண்டவே வேண்டாம். அந்த முன்னொட்டு உள்ள மதிப்பை நிரலில் பயன்படுத்தினால், அது பில்டின்போது ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டுவிடும். பழைய கருவியிலும் இதுதான் நடந்தது. உங்கள் நண்பரையே ஒரு போலிச் சாவியை வைத்து பில்ட் செய்யச் சொல்லுங்கள். பிறகு ‘டிஸ்ட்’ கோப்புறையில் ‘அசெட்ஸ்’ உள்ளே இருக்கும் கோப்பைத் திறந்து தேடினால், சாவி எழுத்துக்கு எழுத்து அப்படியே கிடக்கும். தளத்தைத் திறக்கும் யாருக்கும் அது கிடைக்கும். ரகசியம் சர்வரில் மட்டும் இருக்கட்டும், உலாவி சர்வரைக் கேட்கட்டும்.

கிட் எவற்றைச் சேர்க்கக் கூடாது என்று சொல்வது கிட்இக்னோர் கோப்பு. வீட் உருவாக்கித் தரும் அந்தக் கோப்பில் ‘.லோக்கல்’ என்று முடியும் கோப்புகள் விலக்கப்பட்டிருக்கும், வெறும் ‘.என்வ்’ கோப்பு விலக்கப்பட்டிருக்காது. டெம்ப்ளேட்டின் கிட்இக்னோரில் ‘.என்வ்’ வரியை நீங்களே சேர்த்துவிட்டு, மதிப்புகள் இல்லாத மாதிரிக் கோப்பு ஒன்றை மட்டும் ரெப்போவில் வையுங்கள்.