மீன் தொட்டிக்குக் குழாய்த் தண்ணீர்: பிடித்து வைத்தால் போதுமா, ஹைப்போ (குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட்) போடணுமா?

கப்பி_பிரியன்:
200 லிட்டர் தொட்டி, வாரம் 50 லிட்டர் மாற்ற வேண்டும். சென்னையில் லாரித் தண்ணீர், சம்ப்பில் போர் தண்ணீரும் கலக்கிறது. மீனுக்கு ஆகாத குளோரின் போக, ஒரு நாள் பிடித்து வைத்து ஊற்றினால் போதுமா?

நீலடிரம்:
போதும். குளோரின் தானாகப் பறந்துவிடும். டிரம்மின் அடியில் ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு 24 மணி நேரம் ஓடவிடுங்கள். காற்று இல்லாமல் சும்மா வைத்தால் 48 மணி நேரம் கணக்கு வையுங்கள். உயரமான டிரம்மை விட வாயகன்ற டப்பில் சீக்கிரம் போகும். மருந்தே வேண்டாம்.

பாசிக்காடு:
நீலடிரம் அண்ணா, தண்ணீரில் இருப்பது வெறும் குளோரின் என்றால்தான் இந்தக் கணக்கு. மூல நீரில் அமோனியா இருந்து அதில் குளோரின் சேர்ந்தால் குளோரமின் உருவாகும். அது இரண்டு நாள் காற்றடித்தாலும் போகாது. லாரித் தண்ணீரில் லோடுக்கு லோடு குளோரின் அளவும் மாறும். ஹைப்போ போட்டால் சில நிமிடத்தில் வேலை முடிந்தது.

கணக்கு இதோ. 100 கிராம் ஹைப்போ படிகத்தைத் தண்ணீரில் கரைத்து மொத்தம் 1 லிட்டர் ஆக்குங்கள், 1 மி.லி.யில் 100 மி.கி. இருக்கும். 1 மி.கி. குளோரினுக்கு 7 மி.கி. ஹைப்போ என்று வைத்தால் குறையாது. லிட்டருக்கு 2 மி.கி. குளோரின் உள்ள 50 லிட்டரில் இருப்பது 100 மி.கி. குளோரின். அதற்கு 700 மி.கி. ஹைப்போ, அதாவது கரைசலில் 7 மி.லி. ஓஸ் பைப்பை நேரே தொட்டிக்குள் விடுபவர்கள் 50 லிட்டருக்கு அல்ல, தொட்டியின் முழு 200 லிட்டருக்கும் அளந்து முதலில் தொட்டியில் ஊற்றிவிட வேண்டும்.

நீலடிரம்:
நீங்கள் சொல்லும் அந்தக் குளோரமினில் ஹைப்போ போட்டால் என்ன மிஞ்சும்? அமோனியா! லிட்டருக்கு 1 மி.கி. குளோரின் அளவுள்ள குளோரமினை உடைத்தால் சுமார் 0.24 மி.கி. அமோனியா வெளிவரும். போர் தண்ணீர் கலந்து பிஎச் (அமில, கார அளவு) 8, வெப்பம் 28 டிகிரி என்றால், 7 பிஎச்சில் இருப்பதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு அமோனியா நச்சு வடிவில் நிற்கும். செவுள் கருகும். மீன் மேலே வந்து வாய் பிளக்கும்.

பாசிக்காடு:
அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் டிரம்மில் குளோரமின் முழுசாக அப்படியே இருக்குமே! செவுளும் கருகும், அமோனியாவைத் தின்னும் ஃபில்டர் பாக்டீரியாவும் சாகும். அமோனியாவையாவது ஓடிப் பழகிய ஃபில்டர் தின்றுவிடும்.

செவுள்:
இரண்டு பேரும் சோதிக்காமலே சண்டை போடுகிறீர்கள். நீர் வாரியத்தார் குழாயடியில் பார்க்கும் அதே ஆர்த்தோடொலிடின் குளோரின் கிட் வாங்குங்கள். சொட்டு விட்டுக் குலுக்கியதும் பத்து விநாடிக்குள் மஞ்சள் வந்தால் அது தனிக் குளோரின். நிறத்தைக் குறித்துக்கொண்டு ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். மஞ்சள் இன்னும் அடர்ந்திருந்தால் குளோரமினும் இருக்கிறது. சோதித்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள், அந்த மருந்து நஞ்சு.

நிறம் அடராவிட்டால் நீலடிரம் சொன்ன வழியே போதும், காசும் மிச்சம். அடர்ந்தால் டிரம்மிலேயே ஹைப்போ போட்டு, ஏற்கெனவே வேறு தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை அதில் ஒரு நாள் ஓடவிடுங்கள். அமோனியா சோதனை பூஜ்யம் காட்டினால் ஊற்றலாம். ஹைப்போ கரைவதற்கு முன் ஸ்பாஞ்சைப் போட்டால் பாக்டீரியா போச்சு.

நீலடிரம்:
ஸ்பாஞ்ச் யோசனை சரி. அப்படியானால் டிரம் எப்படியும் தேவைதான்! போர் தண்ணீருக்கு இன்னொரு காரணமும் உண்டு. நிலத்தடியில் கரைந்த கார்பன்டைஆக்ஸைடு காற்றடித்தால் வெளியேறி பிஎச் ஏறும். பிடித்த உடனே அளந்த பிஎச்சை நம்பாதீர்கள், ஒரு நாள் கழித்து அளப்பதே நிஜம்.

பாசிக்காடு:
டிரம் வைத்தால் வலை போட்டு இறுக்கமாகக் கட்டுங்கள், ஏடிஸ் கொசுவுக்குத் தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும். ரசாயனம் வந்த பழைய டிரம் எத்தனை கழுவினாலும் வேண்டாம். மொட்டை மாடியிலும் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் குளோரினே இல்லாவிட்டாலும் மீன் சாகும். தொட்டிக்கும் டிரம்முக்கும் 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது.

கப்பி_பிரியன்:
கிட் வாங்கிச் சோதிக்கிறேன். லாரி வரும் ஒவ்வொரு முறையும் பார்க்கணுமா?

செவுள்:
ஆமாம், சம்ப் நிரம்பியதும். மழை வெள்ளத்துக்குப் பிறகு கட்டாயம். அப்போது குளோரின் கூட்டிப் போடுவார்கள்.