பின்னத் தொடங்குமுன் மாதிரித் துண்டு: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

குன்னூரிலிருந்து:

என் கணவருக்காகச் சென்ற ஆண்டு பின்னிய ஸ்வெட்டர் ஒரே சலவையில் பத்து சென்டிமீட்டர் பெரிதாகிவிட்டது. மாதிரித் துண்டு, அதாவது அளவு சரியாக வருமா என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் சிறு துண்டு, பின்னிப் பார்க்காமல் நான் வேலையைத் தொடங்கவில்லை. பின்னினேன், அளந்தேன், கணக்கும் ஒத்துவந்தது. அப்படியிருந்தும் எங்கே பிசகியது என்பதைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். அதை இங்கே பகிர்ந்தால் இன்னொருவரின் இரண்டு மாத உழைப்பு மிஞ்சும் என்று நம்புகிறேன்.

பின்னல் குறிப்பில் 4 மில்லிமீட்டர் ஊசிக்கு 10 செ.மீ. அகலத்தில் 22 கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்), 10 செ.மீ. உயரத்தில் 30 வரிசை என்று இருந்தது. மார்புச் சுற்றளவு 100 செ.மீ. என்பதால் முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து 220 கண்ணி. நான் 16 கண்ணி மட்டும் போட்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு துண்டைப் பின்னி, ஊசியிலிருந்து இறக்காமலேயே டேப்பை வைத்து, 5 செ.மீ.க்கு 11 கண்ணி வருவதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிட்டேன். நூலோ இயந்திரத்தில் துவைக்கலாம் என்று சொல்லி விற்கப்படும் கம்பளி நூல். சாதாரணக் கம்பளி இழையின் மேல் செதில்கள் இருப்பதால் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்; இவ்வகை நூலில் அந்தச் செதில்களைக் குளோரினால் நீக்கியோ பிசின் பூச்சினால் மூடியோ விடுவதால், நனைந்ததும் இழைகள் வழுக்கிப் பின்னல் பரந்துவிடுகிறது. சலவைக்குப் பின் எண்ணியபோது 10 செ.மீ.க்கு 20 கண்ணிதான் இருந்தது. 220 கண்ணி 110 செ.மீ. ஆனது அப்படித்தான்.

இப்போது நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். குறைந்தது 40 கண்ணி போட்டு, 15 செ.மீ. உயரத்துக்காவது பின்னுகிறேன். தொடக்க வரிசையும் முடிப்பு வரிசையும் பின்னலை இறுக்குகின்றன, ஓரக் கண்ணிகள் தளர்ந்து நிற்கின்றன; சுருளாமல் இருக்கப் பக்கங்களில் கார்ட்டர் ஓரம் (திருப்பித் திருப்பி எல்லா வரிசையையும் ஒரே வகைக் கண்ணியாகப் பின்னும் ஓரம்) வைத்தால் அதுவும் பின்னலை மேல்கீழாகச் சற்றுச் சுருக்கும். ஆகையால் நடுப்பகுதியை மட்டுமே அளக்க வேண்டும், அதற்கு நடுப்பகுதி என்று ஒன்று இருக்குமளவு துண்டு பெரிதாக இருக்க வேண்டும். துவைப்பதற்கு முன் ஒருமுறை எண்ணிக் குறித்துக்கொள்கிறேன், ஏனெனில் ஆடை ஊசியில் இருக்கும்போது அதை ஒப்பிட வேண்டியது இந்த எண்ணோடுதான். பிறகு ஆடையை எப்படித் துவைப்பேனோ அப்படியே துண்டையும் துவைத்து, துவாலையில் சுருட்டிப் பிழிந்து, இழுக்காமல் விரித்துக் காயவிடுகிறேன். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் இதற்கு இரண்டு நாள்கூட ஆகும். ஈரம் முற்றிலும் போகுமுன் அளப்பதில் பயனில்லை.

டேப் நெளியும் என்பதால் மரச்சட்டத்தாலான அளவுகோலை வைத்து, குண்டூசி குத்தி, மூன்று இடங்களில் எண்ணுகிறேன். அரைக் கண்ணியை யாரும் தள்ளிவிட வேண்டாம். 22க்குப் பதில் 21.5 வந்தால், 220 கண்ணியில் அது இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடாகும். கண்ணி அதிகமாக வந்தால் தடித்த ஊசிக்கும், குறைவாக வந்தால் மெல்லிய ஊசிக்கும் மாறி, மறுபடியும் ஒரு துண்டு பின்ன வேண்டியதுதான்.

டொராண்டோவிலிருந்து:

அக்கா, எனக்கு நேர்ந்தது வேறு விதமான பிசகு. மகனுக்கு வட்ட ஊசியில் (வளையும் கம்பியால் இணைந்த இருமுனை ஊசி) குளிர்காலத் தொப்பி பின்னினேன், 10 செ.மீ.க்கு 20 கண்ணி, சுற்றளவு 50 செ.மீ., ஆக 100 கண்ணி. மாதிரித் துண்டை நீங்கள் சொன்னதுபோலவே பெரிதாகப் பின்னி, துவைத்துக் காயவைத்துத்தான் அளந்தேன். ஆயினும் தொப்பி 45 செ.மீ.க்குச் சற்றே கூடுதலாக முடிந்து, பிள்ளையின் நெற்றியில் தடம் பதியும் அளவுக்கு இறுகியது.

துண்டை நான் முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பின்னியிருந்தேன், அதாவது ஒரு வரிசை நிட் (நேர்ப் பின்னல்), ஒரு வரிசை பர்ல் (எதிர்ப் பின்னல்). தொப்பியோ சுற்றிச் சுற்றிப் போவதால் முழுவதும் நிட் மட்டுமே. என்னைப் போலப் பலருக்கும் பர்ல் வரிசை சற்றுத் தளர்வாக விழும். அது இல்லாதபோது கண்ணிகள் நெருங்கி, 10 செ.மீ.க்கு 22 ஆகிவிட்டன. வட்டமாகப் பின்னும் பொருளுக்கு இப்போது இப்படிச் செய்கிறேன்: வரிசை முடிந்ததும் துண்டைத் திருப்பாமல், கண்ணிகளை வட்ட ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்புறமாக நன்கு தளர்த்தி எடுத்துச் சென்று, மீண்டும் நிட் வரிசையே பின்னுகிறேன். பின்னால் தொங்கும் நூல்கள் தளர்வாக இல்லாவிட்டால் துண்டு சுருங்கிப் பொய்க்கணக்குக் காட்டும்.

இன்னொன்றும் உண்டு. மூங்கில் ஊசி நூலைப் பிடிக்கும், உலோக ஊசி வழுக்கும். ஒரே 4 மி.மீ. ஆனாலும் எனக்குக் கண்ணிக் கணக்கு மாறுகிறது. எந்த ஊசியில் ஆடை பின்னப் போகிறோமோ அதே ஊசியில்தான் மாதிரியும் இருக்க வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து:

எங்கள் வெயிலுக்கு நான் பருத்தி நூலில்தான் பின்னுகிறேன். பருத்திக்குக் கம்பளியின் மீள்தன்மை இல்லை, எடையும் அதிகம். கிடத்திக் காயவைத்த துண்டில் 10 செ.மீ.க்கு 28 வரிசை இருந்தது. அதை நம்பி 52 செ.மீ. நீளத்துக்கு 146 வரிசை பின்னிய கையில்லாச் சட்டை, உடுத்த உடுத்த 56 செ.மீ. ஆக இறங்கியது. இப்போது காய்ந்த துண்டின் கீழ் ஓரத்தில் நான்கைந்து துணிக் கிளிப்புகளை மாட்டி, ஓர் இரவு கொடியில் தொங்கவிட்ட பிறகே வரிசைகளை எண்ணுகிறேன். கண்ணிகளை மட்டும் எண்ணிவிட்டு வரிசையைக் கவனிக்காமல் விடுவது பெரும்பாலோர் செய்யும் தவறு என்றே எனக்குத் தோன்றுகிறது.

உதகையிலிருந்து:

ஊசி எண்ணைப் பற்றி ஒரு சொல். நம் ஊர்க் கடைகளில் இன்றும் பழைய பிரிட்டிஷ் எண்களே புழங்குகின்றன. அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும். 8ஆம் நம்பர் 4 மி.மீ., 10ஆம் நம்பர் 3.25 மி.மீ. அமெரிக்கக் குறிப்புகளிலோ 8 என்றால் 5 மி.மீ. இது தெரியாமல் நான் ஒரு சால்வையையே விறைப்பாகப் பின்னி முடித்தேன். மில்லிமீட்டரை மட்டுமே நம்புங்கள்.

என் அம்மா மாதிரித் துண்டு பின்னி நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் முப்பது ஆண்டுகள் ஒரே வகை நூலையும் அதே 10ஆம் நம்பர் ஊசியையும் வைத்திருந்தார். முந்தைய ஸ்வெட்டரே அவருக்கு அடுத்ததன் மாதிரியாக இருந்தது. நாம் ஒவ்வொரு முறையும் புதிய நூலை எடுக்கிறோம்.

குன்னூரிலிருந்து மறுபடியும்:

டொராண்டோத் தங்கை சொன்ன முறையில் நேற்றே ஒரு துண்டு பின்னினேன். எந்த ஊசி என்பது மறந்துபோகாமல் இருக்க, தொங்கும் நூல்வாலில் 4 மி.மீ.க்கு நான்கு முடிச்சு போட்டிருக்கிறேன். துண்டுகளைப் பிரிக்காமல் சேர்த்துவைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது உதவும். துவைக்குமுன் 10 செ.மீ.க்கு 23 கண்ணி. மூடுபனியால் இன்னும் காயவில்லை. காய்ந்ததும் எண்ணி எழுதுகிறேன்.