போர் தண்ணீர்க் குழாய் குளிரில் உறைந்துபோகிறது, ஃபோம் உறை போட்டும் பயனில்லை

தனிவீட்டுக்காரன்:
ஊரை விட்டுத் தள்ளி இருக்கிற வீடு, போர் தண்ணீர்தான். குழாய் மண்ணுக்குள் வந்து, வீட்டுத் தளத்துக்கு அடியில் இருக்கும் இடைவெளியில் மேலே எழும்பி உள்ளே நுழைகிறது. இரவில் மைனஸ் 10 டிகிரி பக்கம் போனால் காலையில் எந்தக் குழாயிலும் சொட்டுத் தண்ணீர் வராது, மதியம் வெயில் ஏறியதும் தானாக வந்துவிடும். தடிமனான ஃபோம் உறை மாட்டியிருக்கிறேன், அப்படியும் இதே கதை. மொத்தக் குழாயையும் தோண்டி ஆழமாகப் புதைக்க வேண்டுமா?

பழைய பிளம்பர்:
தோண்டாதீர்கள், அவசரம் வேண்டாம். மண்ணுக்குள் உறைந்திருந்தால் மதிய வெயிலுக்கெல்லாம் அது இளகாது, வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். மதியமே தண்ணீர் வருகிறது என்றால் கோளாறு தரைக்கு மேலே, பெரும்பாலும் மண்ணை விட்டு வெளியே வந்து தளத்தைத் தொடும் அந்தத் துண்டில்தான். உறை சூடு தராது, இருக்கிற சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். இரவு முழுக்க தண்ணீர் ஓடாமல் நின்றால் உறைக்குள்ளேயே உறையும்.

முதலில் காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பகலில் அடியில் போய் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் வெளிச்சம் கசியும் இடமெல்லாம் தெரியும். விரல் நுழையும் ஓட்டை குழாய்க்கு நேராக இருந்தால் போதும், அந்த ஓர் அங்குலம் மட்டும் உறையும். அதை அடைத்துவிட்டு, எழும்பும் துண்டுக்கு ஹீட் கேபிள், அதாவது கரண்டில் சூடாகும் வயர், கட்டி அதன் மேல் உறை போடுங்கள். குளிருக்குத் தகுந்தபடி தானே சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வகையாக வாங்குங்கள். எப்போதும் ஒரே சூடு தரும் வகையை ஒன்றன்மேல் ஒன்று படும்படி சுற்றினால் கருகி, தீப்பிடிக்கவும் செய்யும். பிளாஸ்டிக் குழாய் என்றால் அதற்கு ஏற்ற கேபிளா என்று அட்டையில் பாருங்கள், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் பிரேக்கரும் கட்டாயம்.

பம்ப் அறை:
பம்ப் ஓடுகிறதா என்று பார்த்தீர்களா? தண்ணீர் அழுத்தத்தைப் பார்த்துப் பம்பை ஓடவிட்டு நிறுத்தும் பிரஷர் ஸ்விட்சுக்குப் போகும் அந்தச் சின்னக் குழாய் விரல் பருமன்கூட இருக்காது, எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான் உறையும். அப்படி ஆனால் அழுத்தம் குறைந்தது ஸ்விட்சுக்குத் தெரியாது, பம்ப் கிளம்பாது, நாம் பெரிய குழாயைத் திட்டிக்கொண்டிருப்போம். அந்தக் காலத்தில் பம்ப் அறையில் ஒரு குண்டு பல்பை எரியவிடுவார்கள், அந்தச் சூடே போதும். எல்இடி மாட்டியதும் வெளிச்சம் மட்டும்தான் மிச்சம்.

தனிவீட்டுக்காரன்:
பம்ப் ஓடத்தான் செய்கிறது, கொஞ்ச நேரத்தில் நின்றும்விடுகிறது, அப்போ ஸ்விட்ச் சரி. அடியில் போய்ப் பார்த்தேன், காற்றோட்டத்துக்கு விட்ட ஜன்னல் ஒன்று மூடாமல் குழாய்க்கு எதிரிலேயே இருக்கிறது. கேபிள் வரும்வரை குழாயை லேசாகத் திறந்துவைக்கலாமா?

மூன்றாவது குளிர்காலம்:
வைக்கலாம், ஆனால் சொட்டுச் சொட்டாக இல்லாமல் பென்சில் முனை அளவாவது ஓடட்டும். மெதுவாகச் சொட்டும் தண்ணீர் செப்டிக் டேங்குக்குப் போகும் கழிவுக் குழாயில் படலம் படலமாக உறைந்து அதை அடைக்கும், அது இதைவிடப் பெரிய தலைவலி. கரண்ட் போனால் பம்பும் கேபிளும் சேர்ந்தே போகும், அதனால் வெளியூர் கிளம்பினால் வால்வை மூடி, குழாயைக் காலி செய்துவிட்டுப் போங்கள்.

பழைய பிளம்பர்:
இன்னொன்று. உறைந்துவிட்டால் முதலில் வீட்டுக்குள் குழாயைத் திறந்துவிட்டு, திறந்த பக்கத்திலிருந்து பின்னோக்கி ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள். தீச்சுவாலை பக்கமே போகவேண்டாம். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், பனிக்கட்டிக்கும் மூடியிருக்கும் குழாய் வாய்க்கும் நடுவே மாட்டிய தண்ணீரின் அழுத்தம்தான் குழாயைக் கிழிக்கிறது. அதனால் உறைந்த இடம் ஒன்று, வெடித்த இடம் வேறொன்றாக இருக்கலாம். இளகும்போது மெயின் வால்வுக்குப் பக்கத்தில் ஒருவரை நிற்க வையுங்கள்.